டூர் டி பிரான்ஸ் பார்க்க எந்த ஊரில் தங்குவது: கார்கசோனா, போவா, அவிஞோனா?

என் தங்கை மாப்பிள்ளைக்கு ஜூலை மாதம் வந்துவிட்டால் சாயங்காலம் யாரோடும் பேச்சு கிடையாது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய ஒளிபரப்பு முடிந்த பிறகுதான் சாப்பிடவே உட்காருவார். தங்கைக்குச் சைக்கிளில் துளியும் ஆர்வம் இல்லை. ஆனால் பழைய கோட்டை, குறுகலான கல்தெரு, தேவாலயத்துக் கண்ணாடி ஓவியம் என்றால் கால் வலியே தெரியாமல் நடப்பாள். இருவரும் சேர்ந்து பிரான்ஸுக்குப் போவதென்று முடிவு செய்து, கார்கசோன், போ, அவிஞோன் என்று மூன்று பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். "அண்ணா, மூணுல ஒண்ணு சொல்லு" என்றாள். மாப்பிள்ளை மலைகளின் உயரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்தக் குழப்பம் இவர்களுக்கு மட்டும் இல்லை. டூர் பார்க்கப் போகிற குடும்பங்களில் பாதியாவது இப்படித்தான் இருக்கும்: ஒருவருக்குப் பந்தயம், மற்றவருக்கு ஊர். அதனால் அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் ஒரு கசப்பான கணக்கு. சமதளச் சாலையில் வீரர்கள் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வருவார்கள். 170 பேருக்கு மேல் ஒரே கொத்தாக வந்தால், உங்களைத் தாண்டிப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. நல்ல இடம் பிடிக்கக் காலையிலிருந்து நின்றிருப்பீர்கள். மொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி யார் மேல் என்று தேடுவதற்குள் கடைசி ஆளின் முதுகு தெரியும். ஆக, நான்கு நாள் பயணத்தில் பந்தயத்தைக் கண்ணால் பார்ப்பது மொத்தம் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி எல்லாம் ஊர்தான். ஊரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு மணி நேரம் உங்களைக் காப்பாற்றாது.

இதை மனதில் வைத்து நான் பார்க்கிற விஷயங்கள் இவை:

- வீரர்களை எத்தனை தடவை, எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் பார்க்கலாம்?
- தங்கும் அறையிலிருந்து பந்தயச் சாலைக்கு நடந்தே போக முடியுமா?
- சைக்கிள் பிடிக்காதவருக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது?
- கணக்கில் வராமல் வந்து நிற்கும் செலவு என்ன? பணம் மட்டுமல்ல, நேரமும் செலவுதான்.
- பந்தயம் ஏமாற்றிவிட்டால், பாதை அந்தப் பக்கமே வராவிட்டால், பயணம் வீணா?

மூன்று ஊர்களையும் எடுப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை.

## புறப்படும் ஊரா, முடியும் ஊரா?

டூரில் மொத்தம் 21 கட்டங்கள், இரண்டு ஓய்வு நாள்கள், ஆக 23 நாள். பெரும்பாலான கட்டங்கள் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடியும். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் முடியும் ஊருக்கே ஓடுகிறார்கள். டிவியில் அதைத்தானே பார்த்திருக்கிறோம்! ஆனால் கடைசி நூறு மீட்டரில் தடுப்புக்குப் பின்னால் நாலு வரிசை ஆள் நிற்பார்கள். வீரர்கள் 65, 70 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பார்கள். ஒலிபெருக்கி சொன்ன பிறகுதான் யார் ஜெயித்தார் என்று தெரியும்.

புறப்படும் ஊர் வேறு மாதிரி. அணிகளின் பேருந்துகள் காலையிலேயே வந்து வரிசையாக நிற்கும். வீரர்கள் ஒவ்வோர் அணியாக மேடையேறி முகம் காட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் புறப்பாடு. பந்தயம் உடனே தொடங்கிவிடாது; இயக்குநரின் சிவப்புக் காருக்குப் பின்னால் சில கிலோமீட்டர் தூரம் எல்லோரும் மெதுவாக ஊருக்குள் வலம் வருவார்கள். ஊருக்கு வெளியே போய்க் கொடி அசைத்த பிறகுதான் உண்மையான ஓட்டம். அந்த வலம் நம் ஊர்ச் சாமி புறப்பாடு மாதிரிதான். நின்று முகம் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் சிலர் திரும்பிச் சிரிப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்குப் புறப்படும் ஊரைத்தான் நான் சொல்வேன்.

அதைவிட நல்லது டைம் டிரயல், அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் கட்டம். வீரர்கள் ஒன்று, இரண்டு நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கிளம்புவதால் மதியம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் ஒரு டூரில் அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

மலைக்கட்டம் கண்ணுக்கு விருந்து. ஏற்றத்தில் வேகம் குறையும், கூட்டம் சிதறும். முதல் ஆளுக்கும் கடைசிக் கூட்டத்துக்கும் அரை மணி நேரம்கூட இடைவெளி இருக்கும். ஆனால் கணவாய்ச் சாலைகளை அன்று காலையே, சில இடங்களில் முந்தைய இரவே மூடிவிடுவார்கள். நடந்தோ சைக்கிளிலோதான் ஏற வேண்டும். பந்தயம் முடிந்து மொத்தக் கூட்டமும் ஒரே சாலையில் இறங்கும்போது பல மணி நேரம் போய்விடும்.

எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவானது விளம்பர ஊர்வலம். வீரர்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால், பொம்மை போல் சோடித்த வண்டிகள் வரிசையாக வந்து தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய் என்று வீசிக்கொண்டே போகும். அரை மணி நேரக் கூத்து. குழந்தைகளுக்கு இதுதான் டூர். சைக்கிள் எல்லாம் அப்புறம். சைவர்கள் கவனிக்க: வீசுகிற பொட்டலங்களில் பன்றி இறைச்சி சாசேஜும் உண்டு.

## கார்கசோன்: கோட்டைக்காகப் போகிற ஊர்

பலகை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் முன்பே தெரிந்திருக்கும். ஓட் ஆற்றங்கரையில் குன்றின் மேல் இரட்டை மதில், 52 கோபுரங்கள், மொத்தம் மூன்று கிலோமீட்டர் சுவர். தூரத்தில் ரயிலிலிருந்து பார்க்கும்போதே, இப்படி ஓர் ஊர் நிஜத்தில் இருக்க முடியுமா என்று தோன்றும்.

அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. 1209இல் கத்தார் (Cathar) என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிரான சிலுவைப் படை முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை இது. பின்னால் எல்லை தெற்கே நகர்ந்துபோக, கோட்டைக்கு வேலையில்லாமல் போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இடித்துவிடலாம் என்றே அரசு முடிவெடுத்தது. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். 1853 முதல் வியோலே-ல-துயூக் என்ற கட்டடக் கலைஞர் இதைப் புதுப்பித்தார். கூம்பு வடிவக் கற்பலகைக் கூரைகள் அவர் வைத்தவை. தெற்கத்திக் கோட்டைக்கு வடக்கத்தித் தொப்பி என்று அன்றே திட்டினார்கள். இன்று அந்தத் தொப்பிதான் எல்லாப் படத்திலும் இருக்கிறது. 1997இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. கீழே 13ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்டுக் கட்டிய கீழ்நகரம். அதை ஒட்டி மிதி (Canal du Midi) என்ற கால்வாய். மாலையில் அதன் கரையில் மரநிழலில் நடக்கலாம், வாடகைச் சைக்கிளும் ஓட்டலாம்.

பந்தயக் கணக்கிலும் இந்த ஊர் சளைத்ததல்ல. 2018, 2021, 2022, 2025 என்று அடிக்கடி வந்திருக்கிறது. 2021 ஜூலை 9 அன்று மார்க் கேவண்டிஷ் தன் 34ஆவது கட்ட வெற்றியைப் பெற்று எடி மெர்க்ஸின் சாதனையைத் தொட்டது இங்கேதான். இன்னொரு வசதியும் உண்டு. 2018இலும் 2022இலும் ஒரு கட்டம் இங்கே முடிந்து, மறுநாள் இங்கேயே ஓய்வு, அதற்கு மறுநாள் இங்கிருந்தே புறப்பாடு. மூன்று நாள் ஒரே அறையில் இருந்துகொண்டு முடிவையும் பார்த்துப் புறப்பாட்டையும் பார்க்கலாம். ஓய்வு நாளிலும் வீரர்கள் சும்மா இருப்பதில்லை. சுற்றுவட்டாரச் சாலைகளில் மெதுவாக ஓட்டிப் பழகுவார்கள்.

சரி, கணக்கில் வராத செலவு? முதலில் ஒரு தவறான எண்ணம்: டிவியில் ஹெலிகாப்டர் கோட்டையைச் சுற்றுவதால் பந்தயம் கோட்டைக்குள் முடிகிறது என்று நினைத்துவிடுவோம். முடிவுக்கோடு கீழ்நகரத்துச் சாலைகளில்தான் இருக்கும். கோட்டைக்குள் உள்ள விடுதி அழகுதான். விலையும் அப்படி, பெட்டியைக் கல்தெருவில் இழுத்துக்கொண்டு ஏறவும் வேண்டும். கீழ்நகரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டி அறை எடுத்தால் பந்தயத்துக்கும் கோட்டைக்கும் நடந்தே போகலாம்.

அடுத்தது வெயில். 2022 கட்டத்தன்று வெப்பம் 40 டிகிரியை ஒட்டியிருந்தது. நமக்கு வெயில் புதிதா என்று கேட்கலாம். ஆனால் நம் ஊரில் மின்விசிறியாவது இருக்கும். அங்கே பழைய கட்டட அறைகளில் ஏசி இருக்கிறதா என்று கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது ஜூலை 14. பிரான்ஸின் தேசிய நாளான அன்றிரவு கோட்டையே தீப்பற்றி எரிவது போல் வாணவேடிக்கை நடக்கும். அதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். டூர் அதே வாரத்தில் வந்தால் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் பிரபுவின் மாளிகைக்கும் மதில்மேல் நடைக்கும் மட்டும் டிக்கெட் வேண்டும். பகலில் நினைவுப்பொருள் கடைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இதற்கா வந்தோம் என்று தங்கை கேட்பாள். இரவு எட்டு மணிக்கு மேல் போனால் கேட்கமாட்டாள்.

சாப்பாட்டில் ஊரின் பெருமை கசுலே: வெள்ளை பீன்ஸ் கொட்டையோடு வாத்து, சாசேஜ் எல்லாம் சேர்த்து மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைப்பது. ஜூலை வெயிலில் மதியம் அதைச் சாப்பிட்டால் மாலை நேரத்துப் பந்தயத்தைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

## போ: பந்தயம் தேடி வருகிற ஊர்

பெயர்தான் போ, ஆனால் டூரை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஊர். 1930இல் முதல் தடவை வந்தது. அதிலிருந்து பாரிஸ், போர்தோ இரண்டுக்கும் அடுத்தபடியாக டூர் அதிகம் வந்திருப்பது இங்கேதான். 2017 முதல் 2025 வரை 2022ஐத் தவிர எல்லா ஆண்டும் வந்திருக்கிறது. காரணம் எளிது. ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரனே மலைகளுக்கு முன்னால் இத்தனை பெரிய கூட்டத்துக்குப் படுக்க இடம் தரக்கூடிய நகரம் இது. வீரர்கள், பணியாளர்கள், பத்திரிகையாளர்கள் என்று டூரோடு நகரும் கூட்டம் மட்டுமே சில ஆயிரம் பேர்.

இங்கே பெரும்பாலும் புறப்பாடு நடக்கும். பல தடவை ஒருநாள் முடிவு, மறுநாள் புறப்பாடு என்று இரண்டும் கிடைக்கும். 2017இலும் 2024இலும் அப்படித்தான். 2019இல் மஞ்சள் ஜெர்சிக்கு நூறு வயதான சமயத்தில் இங்கே டைம் டிரயல் நடந்தது. மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த ஜூலியன் அலாபிலிப்பே அதை ஜெயித்து ஊரையே கத்த வைத்தார். 2023 பெண்கள் டூரும் இங்கே ஒரு டைம் டிரயலோடுதான் முடிந்தது. முந்தைய நாள் டூர்மலே கணவாய் உச்சியில் ஜெயித்த டெமி வோலரிங் பட்டம் வென்றார். ஆண்கள் டூர் முடிகிற சமயத்திலோ அதற்குப் பின்னரோ தொடங்கும் இந்தப் பந்தயத்தையும் யோசித்துப் பாருங்கள். கூட்டம் குறைவு, நெருங்கிப் பார்க்கலாம்.

மாப்பிள்ளை போன்றவர்களுக்கு இந்த ஊரின் உண்மையான சொத்து மலைகள். ஓபிஸ்க் 1,709 மீட்டர், டூர்மலே 2,115 மீட்டர். இரண்டும் 1910இல் டூருக்குள் வந்தன. அப்போது மண்சாலை, கியர் இல்லாத கனமான சைக்கிள். அந்த ஆண்டு பட்டம் வென்ற ஓக்தாவ் லாபீஸ், ஓபிஸ்க்கில் அமைப்பாளர்களைப் பார்த்து "கொலைகாரர்களே" என்று கத்தினார் என்பது டூர் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். 1913இல் டூர்மலே இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோஃபின் முன்கவை உடைந்தது. வெளியார் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, சாந்த்-மரி-த-காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டினார். துருத்தி ஊதிய சிறுவன் உதவினான் என்று அதற்கும் அபராத நேரம் போட்டார்கள்! அந்தக் கிராமத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

தங்கைக்கு என்ன? பிரான்ஸின் நான்காம் ஹென்றி 1553இல் பிறந்த அரண்மனை. ஆமை ஓட்டைத் தொட்டிலாக்கி அவரைக் கிடத்தினார்கள் என்ற கதையோடு அந்த ஓடும் அங்கே இருக்கிறது. அரண்மனையிலிருந்து நீளும் புல்வார் தே பிரனே என்ற நடைபாதையில் நின்றால் மலைத்தொடர் முழுக்க எதிரே விரியும். கைப்பிடிச் சுவரில் எதிரே தெரியும் சிகரங்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து அந்த மேட்டுக்கு 1908இலிருந்து ஓடும் இழுவை ரயில் இலவசம். டூரின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மஞ்சள் தூண் நட்ட நினைவுப் பூங்காவும் உண்டு. அங்கே தங்கை இவரை விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம். ரயிலில் அரை மணி நேரத்தில் லூர்து. நம்மூரில் லூர்து மாதா கோவிலுக்குப் போகிற பழக்கம் உள்ள குடும்பம் என்றால் போவைத் தேர்ந்தெடுக்க அது ஒன்றே போதும்.

குறையையும் சொல்ல வேண்டும். கார்கசோன் போல் பார்த்ததும் வாய் பிளக்க வைக்கும் ஊர் இல்லை. ஒன்றரை நாளில் சுற்றி முடித்துவிடலாம். ஜூலையிலும் மேகம் இறங்கி மலையை மறைத்துவிடும் நாள்கள் உண்டு. அன்று புல்வாரில் நின்றால் வெள்ளைத் திரைதான். இன்னொன்று, மலைகள் அருகில்தான், ஆனால் கார் இல்லாமல் மலையேறுவது சிரமம். ஓபிஸ்க் அடிவாரமான லாரன்ஸுக்கே 40 கிலோமீட்டர் இருக்கும். பந்தய நாளில் பேருந்துகள் பாதியில் நின்றுவிடும். வாடகைக் கார் எடுத்தாலும் சாலை மூடும் நேரத்துக்கு முன் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இதற்கே போய்விடும். தங்கை அன்று லூர்துக்குப் போவது நல்லது.

## அவிஞோன்: ஒரே மலைக்காகப் போகிற ஊர்

மூன்றில் வரலாற்றுச் செல்வம் அதிகம் உள்ளது அவிஞோன்தான். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே இருந்தார்கள். அவர்கள் கட்டிய அரண்மனை கோட்டையா, தேவாலயமா என்று சொல்ல முடியாத அளவு பிரம்மாண்டம். ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மேல் மதில் முழுசாக நிற்கிறது. ரோன் ஆற்றில் 22 வளைவுகளோடு இருந்த பாலத்தில் இப்போது மிஞ்சியது நான்கு. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். போவுக்கு நாலரை, கார்கசோனுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பந்தயத்துக்காக இங்கே வருகிறவர்கள் வருவது மோன் வோந்தூவுக்காக. சுற்றிலும் சமவெளி, நடுவில் தனியாக 1,900 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் மொட்டை மலை. பெதுவேன் கிராமத்திலிருந்து 21 கிலோமீட்டர் ஏற்றம். மேலே மரம் இல்லை, வெறும் வெள்ளைச் சரளை. 1967 ஜூலை 13 அன்று பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் உச்சிக்குச் சற்றுக் கீழே சரிந்து இறந்த இடத்தில் நினைவுக்கல் உண்டு. ஏறுகிறவர்கள் தொப்பியோ தண்ணீர்ப் புட்டியோ வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கும் ஆறு நூற்றாண்டுக்கு முன், 1336 ஏப்ரல் 26 அன்று, கவிஞர் பெத்ரார்க் வேடிக்கை பார்ப்பதற்கென்றே தன் தம்பியோடு இதன் மேல் ஏறியதாக எழுதினார். அதே பெத்ரார்க்தான் போப்பாண்டவர்களின் அவிஞோனைப் பாபிலோன் என்று திட்டியவரும்.

இவ்வளவு இருந்தும் இந்த ஊரை மூன்றாவதாக வைக்கிறேன். வோந்தூ ஆண்டுதோறும் வராது. 2013, 2016, 2021, 2025 என்று சில ஆண்டுக்கு ஒருமுறைதான். வந்தாலும் காற்று என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. 2016 ஜூலை 14 அன்று மேலே அடித்த காற்றில் முடிவுக்கோட்டை ஆறு கிலோமீட்டர் கீழே ஷலே ரெய்னார் என்ற இடத்துக்கு இறக்கினார்கள். உச்சியில் நிற்கப் போன கூட்டமும் கீழே நெருங்கியது. சாலை அடைபட்டு மோட்டார் சைக்கிள் நின்றதில் கிறிஸ் ஃப்ரூம் மோதி விழுந்து, சைக்கிள் இல்லாமல் ஓடியே ஏறிய காட்சி அங்கேதான் நடந்தது.

அடுத்தது பணம். 1947இல் ழான் விலார் தொடங்கிய அவிஞோன் நாடக விழா ஜூலையில் நடக்கிறது. அதிகாரபூர்வ விழாவும் அதன் பக்கத்தில் வளர்ந்த 'ஓஃப்' விழாவும் சேர்ந்து மதிலுக்குள் அறை என்பதையே கனவாக்கிவிடும். கிடைத்தாலும் விலை விழா விலை. ஊரும் மலையும் அருகருகே இல்லை. கார்பென்த்ராஸ் வரை ரயில் உண்டு, அதற்கு மேல் பேருந்தை நம்ப வேண்டும், பந்தய நாளில் அதையும் நம்ப முடியாது. அறையிலிருந்து நடந்தே பந்தயம் என்ற என் நிபந்தனையில் அவிஞோன் அடியோடு தோற்கிறது.

## ஒரே பார்வையில்

| | கார்கசோன் | போ | அவிஞோன் |
|---|---|---|---|
| டூர் வருவது | அடிக்கடி | ஏறக்குறைய ஆண்டுதோறும் | வோந்தூ சில ஆண்டுக்கு ஒருமுறை |
| பெரும்பாலும் காண்பது | முடிவு, சில சமயம் புறப்பாடும் | புறப்பாடு, முடிவு, எப்போதாவது டைம் டிரயல் | மலையேற்றம் |
| நடந்தே பந்தயம் | ஆம் | ஆம் | இல்லை |
| சைக்கிள் பிடிக்காதவருக்கு | இரண்டு முழு நாள் | ஒன்றரை நாள், லூர்தோடு இரண்டரை | மூன்று நாள் |
| மறைந்திருக்கும் செலவு | வெயில், ஜூலை 14 கூட்டம் | மலைக்குப் போகக் கார், ஒரு நாள் நேரம் | விழாக்கால வாடகை, காற்று |
| டூர் வராத ஆண்டில் | போகலாம் | மலை ஏறுகிறவர்கள் மட்டும் | தாராளமாகப் போகலாம் |

## பாரிஸே போதாதா?

கடைசி நாளுக்குப் பாரிஸில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு பத்தி. 1975 முதல் ஷான்செலிசே சாலையில்தான் டூர் முடிகிறது. 2024இல் ஒலிம்பிக்கால் நீஸுக்குப் போனது மட்டும் விதிவிலக்கு. ஒரே சாலையில் பல சுற்று ஓடுவதால் ஒரே இடத்தில் நின்று பல தடவை பார்க்கலாம். இது பெரிய லாபம். 2025இல் மோன்மார்த் ஏற்றத்தையும் சேர்த்தார்கள். குறுகலான தெருக்களில் கூட்டம் மூச்சு முட்டியது. நல்ல இடத்துக்குக் காலையிலேயே நிற்க வேண்டும், பக்கத்து மெட்ரோ நிலையங்கள் மூடியிருக்கும். ஆறுதல் என்னவென்றால், இரவு லா ஷப்பேல் பக்கம் போனால் ஈழத்தமிழர் கடைகளில் இடியாப்பமும் சொதியும் கிடைக்கும். பாரிஸை எப்படியும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டூருக்காக மட்டும் என்றால் தெற்கே போங்கள்.

## எப்போது பதிவு செய்வது

அடுத்த ஆண்டுப் பாதையை அக்டோபர் கடைசியில் பாரிஸில் அறிவிப்பார்கள். அறிவித்த அன்றே கட்ட ஊர்களின் அறைகள் போக ஆரம்பிக்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான் கொடுக்க முடியும். கடைசி நாள் பதினைந்து நாளுக்கு முன். அதனால் அக்டோபரில் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பிடித்துவைத்து, ஜனவரியில் விசா வேலையைத் தொடங்குவது சரியாக வரும். ரத்து செய்ய முடியாத மலிவு அறையில் கைவைக்காதீர்கள். விசா தள்ளிப்போனால் அந்த மிச்சம் நஷ்டமாகிவிடும். ரயில் டிக்கெட் தேதி நெருங்க நெருங்க ஏறும்.

## தங்கைக்கு என்ன சொன்னேன்

ஒன்றுதான் என்றால் போ. இரண்டு பேரில் ஒருவருக்காவது கோட்டை மேல் ஆசை இருந்தால் கார்கசோன். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கார்கசோன்தான். விளம்பர ஊர்வல மிட்டாயும் நிஜக் கோட்டையும் ஒரே நாளில் கிடைத்தால் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? வோந்தூவின் மேல் ஆண்டுக்கணக்கில் கனவு கண்டவர், தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர், கூடாரத்தில் தூங்கத் தயங்காதவர் என்றால் அவிஞோன்.

ஆனால் இவர்களுக்கு நான் காட்டியது நாலாவது வழி. போவையும் கார்கசோனையும் தூலூஸ் நகரம் வழியாக ரயில் இணைக்கிறது. சில ஆண்டுகளில் இரண்டு ஊருக்கும் டூர் ஒரே வாரத்தில் வரும். 2025இல் ஜூலை 19 சனிக்கிழமை போவில் புறப்பாடு, மறுநாள் ஞாயிறு கார்கசோனில் முடிவு. மதியம் புறப்பாட்டைப் பார்த்துவிட்டு ரயிலேறி, தூலூஸில் மாறினால் இரவுக்குள் கோட்டை அடிவாரத்தில் இருக்கலாம். இப்படிப் பொருந்தி வரும் ஆண்டாகப் பார்த்துப் போனால் மாப்பிள்ளைக்கு இரண்டு பந்தயம், தங்கைக்கு ஓர் அரண்மனை, ஒரு கோட்டை.

தங்கைக்கு இது பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்குத்தான் வோந்தூவை விட மனமில்லை. "அதுக்கு டூர் எதுக்கு? செப்டம்பர்ல போங்க, விழாக் கூட்டமும் இருக்காது. பெதுவேன்ல வாடகைச் சைக்கிள் கிடைக்கும், நீங்களே ஏறிப் பாக்கலாம்" என்றேன். இருபத்தோரு கிலோமீட்டர் என்று மறுபடி நினைவுபடுத்தினேன். அவர் பதில் சொல்லாமல் ஆறிப்போன டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.